நாவலும் திரையும்: டிக்கின்ஸின் நாவலொன்று பற்றிய ஓர் ஒப்பாய்வு

புகழ்பெற்ற நாவலொன்று திரைப்படமாக்கப்படும்போது இருவகைத் தீர்ப்புகள் எழுதல் வழக்கம். படத்தைப் பார்த்தோர், கதையை அறிந்துகொண்டோம், இனி நூலைப் படிக்கவேண்டிய தேவை யாது என்பர். நூலைப் படித்தோர், விடுபட்ட நிகழ்ச்சிகளை விரல் மடக்கி எண்ணி, நாவல் சிதைக்கப்பட்டது என்பர். இவ்விரு சாராரும் மாறுபட்டோர் போலத் தோன்றினும், நாவல் என்பது நிகழ்ச்சிகளின் தொகுதியே என்னும் ஒரே பிழையான கொள்கையினின்றே பேசுகின்றனர். நிகழ்ச்சிகள் நாவலுக்கு உடல். அவ்வுடலை இயக்கும் உயிர் வேறு. அவ்வுயிர் யாதெனக் கண்டு, அது திரையிலும் வாழ்கின்றதா என வினாவுதலே முறையான ஒப்பீடாகும். சாள்ஸ் டிக்கின்ஸ் எழுதிய 'கிறேற் எக்ஸ்பெக்ரேஷன்ஸ்', அதாவது 'பெரும் எதிர்பார்ப்புகள்', இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது.

1860 டிசெம்பர் முதல் 1861 ஓகஸ்ட் வரை, டிக்கின்ஸ் தாமே நடத்திய வார இதழில் தொடராக வெளிவந்த இந்நாவல் 59 அதிகாரங்களைக் கொண்டது. தாய் தந்தையற்ற பிப் என்னும் சிறுவன், தமக்கையின் கணவனாகிய யோ என்னும் கொல்லனின் வீட்டில் வளர்கின்றான். கைதிக் கப்பலினின்று தப்பிய மக்விச் என்பானுக்கு அஞ்சி, உணவும் அரமும் திருடிக் கொடுக்கின்றான். மணநாளிற் கைவிடப்பட்ட ஹவிஷம் அம்மையாரின் இருண்ட மாளிகையில் எஸ்ரெல்லா என்னும் சிறுமியைக் கண்டபின், தன் கரடுமுரடான கைகளையும் தடித்த பாதணிகளையும் எண்ணி நாணுகின்றான். பெயர் வெளியிடாத ஒருவரின் பொருளுதவியால் இலண்டன் சென்று கனவானாகின்றான். அவ்வுதவியைச் செய்தவர் ஹவிஷம் அம்மையார் அல்லர், மக்விச்சே என்று அறியும்போது அவன் கட்டிய மனக்கோட்டை சரிகின்றது.

இக்கதையைக் கூறுபவனும் பிப்பே. ஆயின் ஆண்டுகள் பல கழிந்தபின், தன்னைத் தானே மன்றில் நிறுத்தி விசாரிக்கும் முதிர்ந்த பிப் அவன். ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் இருவர் உளர்: தவறு செய்பவன் ஒருவன், அதனை நகைப்புடனும் நாணத்துடனும் திரும்பிப் பார்ப்பவன் மற்றவன். இவ்விருவர்க்கும் இடைப்பட்ட தூரமே இந்நாவலின் உயிர் எனலாம்.

மௌனப்படக் காலந்தொட்டு இந்நாவல் பன்முறை திரைக்கு வந்துள்ளது. அவற்றுள் டேவிட் லீன் நெறிப்படுத்தி 1946 இல் வெளிவந்த பிரித்தானியப் படம் தலைசிறந்ததாகப் போற்றப்படுவது. கய் கிறீனின் ஒளிப்பதிவு அப்படத்திற்கு ஒஸ்கார் பரிசு பெற்றுத் தந்தது. தொடக்கத்திலேயே நூலொன்று திறக்கப்படுகின்றது. வளர்ந்த பிப்பின் குரல் கேட்கின்றது. பின்னர் சதுப்பு நிலத்து வரம்பில் ஓடிவரும் சிறுவன், தூக்குமரங்கள், காற்றில் முனகும் மரங்கள், கல்லறைகள். சிறுவன் திரும்பி ஓடும்போது கைதியின் பிடியில் அகப்படுகின்றான், பார்ப்போர் திடுக்கிடுவர். நாவலில் இதற்கு முன்னர் வேறொன்று உண்டு. கல்லறை எழுத்துக்களின் வடிவத்தைக் கொண்டே, தான் கண்டறியாத பெற்றோரின் தோற்றத்தைச் சிறுவன் கற்பனை செய்கின்றான். படிப்போர் சிரித்துவிட்டு, மறுகணம் சிரித்தமைக்கு வருந்துவர். அந்நகை முதிர்ந்த பிப்பின் நகை. அதனைப் படம்பிடித்தல் எளிதன்று.

எனினும் லீன் சொற்களைக் கைவிட்ட இடங்களிலெல்லாம் தோற்றார் என்பதற்கில்லை. திருடிய உணவுடன் பிப் ஓடும்போது வழியிலுள்ள மாடுகளும் தன்னைக் குற்றஞ்சாட்டுவதாக அவனுக்குத் தோன்றுகின்றது என்பது நாவல். படத்தில் அம்மாடுகள் மனிதக் குரலிலேயே அவனை அதட்டுகின்றன. உள்ளத்தின் நடுக்கம் இங்கே காதிற் கேட்கும் ஒலியாகின்றது. இதுவே நல்ல தழுவல்.

இழப்பு நேர்ந்த இடம் வேறு. கம்மாலைத் தொழிலாளியான ஓர்லிக் என்னும் பாத்திரத்தை லீன் முற்றாக நீக்கினார். ஏறக்குறைய 2 மணி நேரத்துள் கதையை அடக்கவேண்டியவர்க்கு இது தேவையான சுருக்கமே. ஆயின் நாவலில் பிப்பின் தமக்கையை ஓர்லிக் வீழ்த்திய கருவி, கைதி அறுத்தெறிந்த கால்விலங்கு. அதனை அறுக்க அரம் கொடுத்தவன் பிப். தானே அறியாது ஆயுதம் வழங்கிவிட்டதாக அவன் மறுகுகின்றான். ஓர்லிக் நீங்கியபோது ஒரு தீயவன் மட்டும் நீங்கவில்லை. பிப்பின் குற்றவுணர்ச்சிச் சங்கிலியில் ஒரு கண்ணியும் அறுந்துபோயிற்று.

நாவலின் உரைகல் என்று கூறத்தக்கது 27 ஆம் அதிகாரம். யோ இலண்டனுக்கு வருகின்றான். எங்கே வைப்பதென்று அறியாது அவன் வைத்த தொப்பி மீண்டும் மீண்டும் கீழே விழுகின்றது. பணம் கொடுத்து அவன் வரவைத் தடுக்க முடியுமாயின் கொடுத்திருப்பேன் என்கின்றான் பிப். யோவின் தடுமாற்றத்திற்குத் தன் மனக்கோணலே காரணம் என்பதை அப்போது உணரவில்லை என்றும் ஒப்புக்கொள்கின்றான். லீன் இக்காட்சியை நீக்காமற் காத்ததோடு, கனவானாக முயன்று போலிக் கனவானாகிவிட்டதைப் பிப்பின் குரலாலேயே கூறவும் வைத்தார். 1998 இல் அல்போன்சோ குவாரோன் எடுத்த படம், கதையை அமெரிக்காவின் புளோரிடாவுக்கும் நியூயோர்க்கிற்கும் மாற்றி, பிப்பை பின் என்னும் ஓவியனாக்கியது. அத்துணை மாற்றத்திடையேயும் ஓவியக் கண்காட்சிக்கு யோ வந்து நிற்க, பின் கூசும் காட்சி நிலைத்துள்ளது. கல்வியாலோ செல்வத்தாலோ உயர்ந்தவன், தன்னை வளர்த்த கையைப் பற்ற நாணுதல் எந்நாட்டிலும் நிகழக்கூடியதன்றோ! ஆயினும் அப்படம் நினைவின் அழகை நாடிய அளவிற்குத் தீர்ப்பின் கடுமையை நாடவில்லை.

முடிவில்தான் திரையும் நூலும் பெரிதும் பிரிகின்றன. டிக்கின்ஸ் முதலில் எழுதிய முடிவில், பிப்பும் எஸ்ரெல்லாவும் இலண்டன் வீதியில் சிறிதுநேரம் சந்தித்துப் பிரிகின்றனர். நண்பர் புல்வர் லிற்றனின் அறிவுரைப்படி அதனை மாற்றி, இடிக்கப்பட்ட மாளிகையின் வெறுந்தோட்டத்தில் இருவரையும் சந்திக்க வைத்தார். முதல் முடிவை, டிக்கின்ஸின் வரலாற்றை எழுதிய போஸ்ரர் 1874 இல் வெளியிட்டார். இரண்டு முடிவுகளிலும் எஸ்ரெல்லா கொடிய இல்வாழ்வில் அடிபட்டுப் பக்குவமடைந்தவள். லீனின் படத்திலோ திருமணம் நின்றுபோன அவள், ஹவிஷம் அம்மையாரின் நாற்காலியிலேயே அமர்ந்திருக்கின்றாள். பிப் திரைச்சீலைகளைக் கிழித்தெறிகின்றான், ஒளி பாய்கின்றது, இருவரும் வெளியேறுகின்றனர். காட்சி என்ற வகையில் இது மறக்கவொண்ணாதது. ஆனால் நாவலில் துன்பமும் காலமும் பல்லாண்டுகளாகச் செய்த வேலையை, இங்கே ஒருவனின் கை ஒரு நொடியிற் செய்துவிடுகின்றது. மேலும், நாவலில் பிப் மீட்கப்படுவது எஸ்ரெல்லாவாலன்று. மரணத்தீர்ப்புப் பெற்ற மக்விச்சின் கையை, முன்பு அருவருத்த அதே கையை, மன்றில் யாவரும் காணப் பற்றிக்கொண்டு நின்றபோதே அவன் மீண்டுவிட்டான்.

ஆகவே திரைப்படம் நாவலுக்குப் பகையன்று, அதற்கு ஈடுமன்று. பிப் என்ன செய்தான் என்பதைப் படம் இரண்டு மணி நேரத்திற் காட்டிவிடும். செய்ததை எண்ணி ஒருவன் எவ்வாறு தன்னைத் தானே அளந்து திருந்துகின்றான் என்பதை அறிய 59 அதிகாரங்களும் வேண்டும். பரீட்சைக்குக் கதைச்சுருக்கம் போதுமென எண்ணும் மாணவன் இழப்பது விடுபட்ட சில நிகழ்ச்சிகளையன்று, அந்த அளவுகோலையே.