செல்ஃப் எடுக்கல

போன மாதம் செங்கம் சாலையில் என் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போய் ஒரு மெக்கானிக் கடையில் விட்டேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: "செல்ஃப் எடுக்கலைங்க. கிக்கர்ல அடிச்சா ஓடும். ஆனா செல்ஃப் மாத்திடறது நல்லது."

பக்கத்து டீக்கடை பெஞ்சில் ஒரு வெளிநாட்டுக்காரர் ரமணரைப் பற்றிய ஆங்கிலப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அதே சொல் அவர் கையிலும் இருந்திருக்கும், பக்கத்துக்கு நாலு தடவையாவது. ஒரே வித்தியாசம், அங்கே 'எஸ்' பெரிய எழுத்து.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ஹோட்டலில் செல்ஃப் சர்வீஸ். பேங்கில் செல்ஃப் செக். சான்றிதழ் நகலில் செல்ஃப் அட்டெஸ்டேஷன். ஆசிரமத்துப் புத்தகக் கடையில் செல்ஃப் ரியலைசேஷன். முதல் மூன்றையும் கொஞ்சம் பாருங்கள். யார் பரிமாறுவது? நாமே. பணம் யாருக்கு? எழுதினவருக்கே. கையெழுத்து யாருடையது? நம்முடையதே. இங்கெல்லாம் 'செல்ஃப்' ஒரு பொருளின் பெயர் இல்லை. செய்பவரை அவரிடமே திருப்பிவிடுகிற சொல். 1925இல் பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தின் ஆங்கிலப் பெயரிலும் இதே வேலைதான்: தனக்குத் தானே தரும் மரியாதை.

பழைய ஆங்கிலத்திலும் இந்தச் சொல்லின் முக்கிய வேலை இதுதான். 'அவரே', 'அதுவே' என்று அழுத்திச் சொல்ல வந்த சொல் அது. பிறகு மெல்லப் பெயர்ச்சொல் ஆனது. ஜான் லாக் 1694இல் தன் நூலின் இரண்டாம் பதிப்பில் ஆளின் அடையாளம் பற்றி ஒரு அத்தியாயம் சேர்த்தார். அதில் 'செல்ஃப்' தத்துவத்தின் பெயர்ச்சொல்லாகவே நடமாடுகிறது.

தமிழில் இதற்கு நெருக்கமான சொல் 'தான்'. அது பெயர்ச்சொல் இல்லை, பிரதிபெயர். 'அவள் தன்னைப் பார்த்தாள்' என்போம். அதோடு அழுத்தம் கொடுக்கவும் அதுவேதான்: 'நான்தான்', 'இதுதான்'. இன்னொன்றும் உண்டு. நம் இலக்கணத்தில் 'நான்', 'நாம்' ஆகியவற்றின் இடத்துக்குப் பெயர் 'தன்மை'. ஒரு பொருளின் இயல்புக்கும் அதே பெயர்.

இப்போது ரமணருக்கு வருகிறேன். சிவப்பிரகாசம் பிள்ளை 1902இல் கேட்ட கேள்விகளுக்கு, அப்போது பேசாமல் இருந்த ரமணர் எழுதிக்காட்டிய பதில்களிலிருந்து உருவானது 'நான் யார்?'. 1923இல் அச்சானது. அதில் சொரூபம், ஆன்மா, தான் எனப் பல சொற்கள் வருகின்றன. ஆங்கிலத்தில் இவை பெரும்பாலும் ஒரே சொல்லுக்குள் போய்விடுகின்றன: 'தி செல்ஃப்'. 'சொரூப தரிசனம்' என்பதும் 'செல்ஃப் ரியலைசேஷன்'.

இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் சிறிய எழுத்து 'செல்ஃப்' என்றால் அகந்தை என்றுகூடப் படிக்கலாம். 'செல்ஃபிஷ்' அதிலிருந்து வந்ததுதானே. இரண்டையும் பிரிக்க மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கிடைத்த சுலபமான கருவி பெரிய எழுத்து. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. இடத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. 'தி' என்ற ஒட்டும் பெரிய எழுத்தும் சேர்ந்தால், எங்கோ ஒளிந்திருக்கிற ஒரு பொருள் மாதிரி அது ஆகிவிடுகிறது. 1928இல் ரமணர் எழுதிய 'உள்ளது நாற்பது' நூலின் 14ஆம் பாட்டைப் பாருங்கள். தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இலக்கணப் பெயர்களை வைத்தே வாதம் நகர்கிறது. தன்மை இருந்தால்தான் மற்ற இரண்டும். தன்மையின் உண்மையை ஆராயப்போனால் மூன்றுமே போய், மிஞ்சுவதும் ஒரு 'தன்மை'தான், ஆனால் இப்போது இயல்பு என்ற பொருளில். 'ஃபர்ஸ்ட் பெர்சன்' என்று மொழிபெயர்த்தால் கணக்கு சரி. ஆனால் அந்தச் சொல் நம் கண்முன் திரும்புகிற திருப்பம் போய்விடுகிறது.

'நான் நான்' என்பதும் அப்படித்தான். 'நான் ராமன்' என்பதில் வினைச்சொல் இல்லை, ஆனாலும் அது முழு வாக்கியம். அதே மாதிரி 'நான் நான்' என்பதையும் 'நான் நானே' என்ற முழு வாக்கியமாகப் படிக்கலாம். ஆங்கிலத்தில் 'ஐ-ஐ' என்று கோடு போட்டு எழுதினதும், அது ஏதோ விசித்திரமான அனுபவத்தின் பெயர் போல ஆகிவிட்டது.

இது ஆங்கில வாசகர்களின் பிரச்சினை மட்டும்தானே என்று கேட்கலாம். இல்லை. ரமணர் பேசினது பெரும்பாலும் தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும். ஆனால் 1935 முதல் 1939 வரையான உரையாடல்களை முனகால வெங்கடராமையா எழுதிவைத்தது ஆங்கிலத்தில். தேவராஜ முதலியாரின் நாட்குறிப்பும் ஆங்கிலம்தான். அதாவது, வாயால் தமிழில் வந்தது ஆங்கிலமாகிப் பிறகு நம்மிடம் திரும்பி வருகிறது. வரும்போது 'தி செல்ஃப்' சில எழுத்துகளில் 'சுயம்' ஆகிறது. 'சுயத்தை அடைவது எப்படி?' என்று கேட்கிறோம். 'தன்னை அடைவது எப்படி?' என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியில் இருக்கிற கோளாறு உடனே தெரியும்.

இதை நான் மேலே நின்று சொல்லவில்லை. நானும் முதலில் படித்தது ஆங்கிலத்தில்தான். அப்பா இரவில் தமிழ்ப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பார். கல்லூரிப் பையனான நான் ஒருநாள் திருத்தினேன்: "அப்பா, நீங்க சும்மா தான் தான்னு படிக்கிறீங்க. அது தி செல்ஃப். வேற லெவல்." அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "தான்னா தான்தான்டா. வேற என்ன?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் கேட்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். என்னை விட்டு வேறு எங்கோ இருக்கிற ஒன்றைத் தேடிப் பல வருஷம் போன பிறகுதான், அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடக் குறையவில்லை என்று புரிந்தது. அதைச் சொல்ல இப்போது அப்பா இல்லை.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். தமிழ் மூலம் இருக்கிற இடத்தில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தைப் படியுங்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறவர்கள், 'சுயம்' என்று எழுதும் முன் 'தான்' பொருந்துகிறதா என்று ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

மெக்கானிக் செல்ஃபை மாற்றிவிட்டார், வண்டி ஒரே அழுத்தில் எடுக்கிறது. அவர் செய்ததும் மொழிபெயர்ப்பாளர்கள் செய்ததும் ஒன்றுதான்: 'தானே' என்பதை ஒரு பாகத்தின் பெயராக்கிவிட்டார்கள். ஆனால் மெக்கானிக் சொன்னது சரி. வண்டிக்குள் நிஜமாகவே அப்படி ஒரு மோட்டார் இருக்கிறது.