கடத்திகளின் உரைகல்

மின்கடத்தி ஆய்வின் வரலாற்றைப் பெரும்பாலும் கொள்கைகளின் வரலாறாகவே எழுதுகிறோம். மாதிரிகளின் வரலாறாக அதைப் படிக்க வேண்டும் என்பது என் துணிபு. கையிலிருக்கும் கம்பி எது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று விடாமல் கேட்டவர்களால்தான் இந்தத் துறை வளர்ந்தது.

தொடக்கமே அப்படித்தான். 1729இல் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே சணல் கயிற்றின் வழியே மின்னூட்டத்தை நெடுந்தூரம் அனுப்பிக்கொண்டிருந்தார். கயிற்றைத் தாங்கிய பட்டிழை பாரம் பொறுக்காமல் அறுந்தது. அதே அளவு மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டிப் பார்த்தார். மறுமுனைக்கு மின்னூட்டம் போகவே இல்லை. இழையின் மெல்லிசுக்கு இதில் வேலை இல்லை, எல்லாம் பொருளின் குணம் என்று அன்று புரிந்தது. கடத்துவது, கடத்தாதது என்ற பிரிவினை அதிலிருந்து வந்தது.

ஓம் விதியைப் பள்ளியில் ஒரு வரியில் மனப்பாடம் செய்கிறோம். அந்த வரிக்குப் பின்னால் இருந்த பொறுமையைச் சொல்லித்தருவதில்லை. அன்றைய மின்கலங்கள் நிமிடத்துக்கு நிமிடம் வலுவிழந்ததால், ஜார்ஜ் ஓம் அவற்றை ஒதுக்கிவிட்டு பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார். ஒரு சந்தி கொதிநீரில், மற்றது பனிக்கட்டியில். மின்னழுத்தம் அசையாமல் நின்ற பிறகே விதி கண்ணில் பட்டது. 1827இல் அவர் நூல் வந்தது. லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் 1841இல்தான் கிடைத்தது.

தந்திக் காலம் இந்த ஆய்வைத் தொழிற்சாலைக்குள் இழுத்தது. கடலடி வடத்துக்கு வாங்கிய செம்பில், ஒரே மாதிரி தோன்றிய கம்பிகளுக்குள் கடத்துதிறன் பெரிதும் வேறுபடுவதை 1857இல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, காட்டினார். அகஸ்டஸ் மாத்திசன் 1860களில் காரணத்தைத் துலக்கினார்: துளி ஆர்சனிக், துளி பாஸ்பரஸ் கலந்தாலே செம்பு கெட்டுவிடும். மின்தடையில் ஒரு பங்கு வெப்பத்தால் வருவது, மறுபங்கு மாசால் வருவது என்று பிரித்தவரும் அவரே. இந்த மரபில் நான் முதலிடம் தருவது மாத்திசனுக்குத்தான்.

அதே காலத்தில் மின்தடையின் அலகு பற்றி இரு முகாம்கள் எழுந்தன. வெர்னர் சீமென்ஸ் 1860இல் ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் கொண்ட பாதரசத் தம்பத்தையே அலகாக்கலாம் என்றார். பிரிட்டிஷ் குழு நீளம், நிறை, காலம் ஆகியவற்றிலிருந்தே அலகைப் பெற விரும்பியது. 1893இல் சிகாகோவில் இரண்டும் கைகோத்தன: 106.3 சென்டிமீட்டர் பாதரசத் தம்பமே சர்வதேச ஓம். தொழிலுக்கான செம்புத் தரம் 1913இல் வந்தது. மென்பதமாக்கிய செம்பில் ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் கொண்ட கம்பி 20 டிகிரி செல்சியசில் 1/58 ஓம் காட்டினால் அதன் கடத்துதிறன் 100 சதவீதம். இன்றைய தூய செம்பு அந்தக் கோட்டைத் தாண்டி 101 காட்டுகிறது.

லைடனில் கேமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தைத் தேர்ந்ததும் தூய்மைக்காகத்தான். தங்கத்திலும் பிளாட்டினத்திலும் கடுங்குளிரில் எஞ்சிய மின்தடை மாசால் வருவது என்று கருதினார். பாதரசத்தையோ திரும்பத் திரும்பக் காய்ச்சி வடிக்கலாம். 1911 ஏப்ரலில் 4.2 கெல்வின் அருகே மின்தடை காணாமலே போனது. பிறகு வேண்டுமென்றே மாசு சேர்த்துப் பார்த்தபோதும் இந்த மீக்கடத்தல் நின்றுவிடவில்லை. மாசைத் தவிர்க்கப் போனவர் மாசைப் பொருட்படுத்தாத நிலையொன்றைக் கண்டார்.

கொள்கை மெல்லத்தான் வந்து சேர்ந்தது. 1900இல் பால் ட்ரூடே எலக்ட்ரான்களை வாயுத் துகள்களாகக் கொண்டார். 1928இல் பெலிக்ஸ் பிளாக், குறையற்ற படிகத்தில் எலக்ட்ரான் தடையின்றி ஓடும் என்று காட்டினார். ஆக, மின்தடை என்பதே ஒழுங்குக் குலைவின் விளைவு. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் மாத்திசன் அளந்து வைத்திருந்ததும் அதுதான்.

படிக ஒழுங்கே இல்லாத உருகிய உலோகம் எப்படிக் கடத்துகிறது? இந்தக் கேள்வியை எடுத்தவர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். கிராபைட் படிகத்தின் கடத்துதிறன் தளத்தின் நெடுக ஒருவிதமாகவும் குறுக்கே வேறுவிதமாகவும் இருப்பதை 1939இல் கங்குலியுடன் சேர்ந்து அளந்தவர் அவர். அலகாபாத்தில் பாட்டியாவுடன் 1945இல் வெளியிட்ட ஆய்வில், திரவத்தின் எக்ஸ்ரே சிதறலிலிருந்தே அதன் மின்தடையைக் கணக்கிட வழி சொன்னார். 1961இல் ஜான் சைமன் விரித்தெடுத்த கொள்கைக்கு அது முன்னோடி. ராமன் விளைவோடு மட்டும் கிருஷ்ணனை நினைப்பது அவருக்குச் செய்யும் குறை.

1980இல் கிளாஸ் வான் கிளிட்சிங் கிரனோபிளில் கண்ட குவாண்டம் ஹால் விளைவு தூய்மைக் கதையையே புரட்டிப்போட்டது. அதில் கிடைக்கும் 25,812.807 ஓம் என்ற மதிப்பு மாதிரியின் வடிவத்தையோ தரத்தையோ பொறுத்ததன்று. மின்தடை மாறாமல் நிற்கும் சமதளப் படிகள் அகலமாக அமையக் கொஞ்சம் மாசும் தேவை. 1990 முதல் மின்தடைத் தரம் இதன்மீதே நிற்கிறது.

தூய்மை என்ற பழைய உரைகல்லுக்கு அதனால் வேலை போய்விடவில்லை. 2023இல் அறை வெப்பநிலை மீக்கடத்தி என்று கொரியாவிலிருந்து எல்கே-99 அறிவிக்கப்பட்டது. 100 டிகிரி செல்சியசைச் சற்றுத் தாண்டிய இடத்தில் மின்தடை சட்டென்று மாறியதற்கு, உடன் கலந்திருந்த செம்பு சல்பைடே காரணம் என்று சில வாரங்களில் தெரிந்தது. ஸ்டட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் அந்த மாசு இல்லாமல் படிகம் வளர்த்து அளந்தார்கள். கிடைத்தது மெகா ஓம் கணக்கில் மின்தடை காட்டும் ஒரு காப்புப் பொருள்.