கத்திக்குத் தக்காளி வைக்கும் பரீட்சை

நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளி ஒன்றின் மேல், வீட்டில் தினமும் புழங்கும் கத்தியை வைத்து அழுத்தாமல் மெல்ல இழுத்துப் பார்க்கலாம். கூரான கத்தி என்றால் அந்த வழவழப்பான தோலில் ஒரு கோடு விழும். அடுத்த இழுப்பில் சதைக்குள் இறங்கிவிடும். விதைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். மொண்ணைக் கத்தியோ தோலின் மேல் வழுக்கும். கை தானாக அழுத்தும், தோல் குழியும், சட்டென்று கிழிந்து சாறு பீய்ச்சி அடிக்கும். விரலில் வெட்டு விழுவதும் பெரும்பாலும் அந்த வழுக்கலில்தான்.

வெங்காயமும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. வெங்காயத்தின் செல்கள் உடையும்போது நொதிகள் வேலை செய்து கண்ணை எரிக்கும் வாயு உண்டாகிறது. அதற்கென்றே தனியாக ஒரு நொதி இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் கண்டுபிடித்தார்கள். மழுங்கிய கத்தி செல்களை அறுப்பதற்குப் பதில் நசுக்குகிறது. அதனால் எரிச்சலும் கூடுகிறது. சாம்பாருக்கு முப்பது சின்ன வெங்காயம் அரிகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல.

நல்ல கத்தி என்றால் ஆயிரக்கணக்கில் செலவாகும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. வீட்டுச் சமையலுக்கு அது உண்மையல்ல. 1884இல் சுவிட்சர்லாந்தின் ஈபாக் ஊரில் கார்ல் எல்ஸனர் தொடங்கிய பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ். அந்த நிறுவனத்தின் பிளாஸ்டிக் பிடி போட்ட சின்னக் கத்தி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பார்வைக்குப் பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் அதன் அலகு மெல்லியது. கத்தியில் முதலில் ரசிக்க வேண்டியது இந்த மெலிவைத்தான். தடித்த அலகு எவ்வளவு கூராக இருந்தாலும் கேரட்டை அறுக்காது, ஆப்பு வைத்தாற்போலப் பிளக்கும். பாதி இறங்கியதும் 'டக்'கென்று உடையும் சத்தமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். காய் நறுக்கும் சின்னக் கத்திக்கு முதுகுப் பக்கம் ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு மேல் தேவையில்லை.

அடுத்தது உருக்கு. ஐரோப்பியச் சமையல் கத்திகளில் பரவலாகப் பயன்படும் உருக்கில் கரிமம் சுமார் 0.5 சதவீதம், குரோமியம் சுமார் 15 சதவீதம். கரிமம் கடினத்தைத் தருகிறது, குரோமியம் துருவைத் தடுக்கிறது. இந்தக் கத்திகளின் கடினம் ராக்வெல் அளவில் ஏறக்குறைய 55 முதல் 57 வரை இருக்கும். ஜப்பானியக் கத்திகள் பல 60ஐத் தாண்டும். எண் கூடினால் கூர் நீண்ட நாள் நிற்கும், ஆனால் எலும்பிலோ தேங்காய் ஓட்டிலோ பட்டால் விளிம்பு சில்லு சில்லாக உதிரும். பல பேர் கைபடும் நம் அடுக்களைக்குச் சற்றே மென்மையான உருக்குதான் ஏற்றது. சீக்கிரம் மழுங்கினாலும் ஐந்து நிமிடத்தில் தீட்டிவிடலாம்.

சந்தையில் கொல்லர் கடை விரித்து விற்கும் கத்தியைத் தாண்டிப் போய்விடக் கூடாது. லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துச் செய்தது என்றால் அது நல்ல கரிம உருக்கு. அருமையான கூர் வரும். துருவைத் தடுக்கும் அளவுக்கு அதில் குரோமியம் இருக்காது என்பது மட்டுமே குறை. எலுமிச்சையோ புளியோ பட்டால் கறுக்கும். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். நாளாக ஆக அலகில் ஏறும் சாம்பல் நிறம் அதற்குத் தனி அழகு.

கடையில் நிற்கும்போது கண்ணுக்கும் கைக்கும் வேலை கொடுக்க வேண்டும். விளிம்பை மேலே திருப்பி விளக்கடியில் பிடித்தால், கூர் உள்ள இடம் ஒளியைத் திருப்பி அனுப்பாது. வெள்ளைக் கோடாக எங்கே மின்னுகிறதோ அங்கே அது மழுங்கியிருக்கிறது. மரப்பிடி என்றால் ஆணிகள் உறுத்தாமல் இருக்கின்றனவா, பிடிக்கும் அலகுக்கும் இடையே சந்து தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். சந்தில் நீர் புகுந்தால் உள்ளே துருப் பிடிக்கும். நம் வீடுகளில் பீன்ஸையும் கத்தரிக்காயையும் பலகையில் வைக்காமல் கையிலேயே பிடித்து, கட்டைவிரலை நோக்கி இழுத்து நறுக்குகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு எட்டு அங்குலக் கத்தி சுமை. மூன்றரை அங்குல அலகும் லேசான பிடியும்தான் சரி. பலகையில் வைத்துக் கீரையும் முட்டைக்கோஸும் குவியலாக நறுக்குகிறவருக்குப் பெரிய கத்தி கூடுதலாக ஒன்று வேண்டும். எட்டுக் கத்தி அடங்கிய மரப்பெட்டி யாருக்கும் வேண்டாம். தேங்காயும் மீனும் அரிவாள்மணைக்கே போகட்டும்.

மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு சாணைக்கல் வாங்குவது நல்லது. ஆயிரம் நம்பர் சொரசொரப்பு வீட்டுக்குப் போதும். கல்லை நனைத்து, கத்தியைச் சுமார் இருபது டிகிரி சாய்த்து, இரண்டு பக்கமும் ஒரே சாய்வில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் தீட்டியதும் மறுபக்க விளிம்பில் விரலுக்கு மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது நுனி வரை வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். முதலில் சரசரவென்று கேட்கும் சத்தம் போகப்போக வழவழப்பாகும். கல் இல்லாத நாளில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு ஏறாத வளையத்தில் நாலு முறை இழுத்தாலும் கொஞ்சம் உயிர் வரும்.

கிரானைட் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் வைத்து நறுக்கினால் இந்தக் கூர் ஒரு வேளைகூடத் தாங்காது. மரப்பலகைதான் நல்லது. நறுக்கியதை வழிக்கும்போது கத்தியைத் திருப்பி முதுகால் தள்ள வேண்டும். கரண்டிகளோடு இழுப்பறையில் போடுவதானால், பழைய நாளிதழை நாலாக மடித்து அலகின் மேல் உறையாகச் செருகிவிடலாம்.