பாக் வந்த வீடு

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பு என்றதும் பலரும் அந்தத் தலைப்பு இசையைத்தான் சொல்வார்கள். இல்லையென்றால், பாலு மகேந்திரா ‘வீடு’ படத்துக்கு எடுத்துக்கொண்ட பகுதிகளை. அவருடைய இன்னொரு தொகுப்பான ‘நத்திங் பட் விண்ட்’டின் கட்சிக்காரர்கள் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலை விட்டு இறங்கிவர மாட்டார்கள். எல்லாம் நல்ல ரசனைதான். எனக்கு மட்டும் 1986-இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ கேசட்டின் பின்பாதியில் இருக்கும் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ போதும்.

“அது பாக் எழுதியதாயிற்றே, ராஜா என்ன செய்தார்?” என்று கேட்கிறார்கள். மெட்டு மேற்கத்திய இசைமேதை பாக்குடையதுதான். மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் பிரெலூட். ஒற்றை வயலினுக்கென்று எழுதியது, மூச்சுவிட இடமில்லாமல் ஓடுவது. ராஜா அதை ஓடவிட்டு, பக்கத்திலேயே மற்ற தந்திகளையும் ஓடவிடுகிறார். விருந்தாளியைப் பேசவிட்டு, இலையில் எது தீர்ந்தது என்று பார்த்துப் பரிமாறுகிற வீட்டுக்காரரின் பக்குவம் அது. தொகுப்பையே தோளில் சுமக்கும் வி.எஸ். நரசிம்மனின் வயலினில், வேகத்தைக் காட்டிக்கொள்ளும் ஆசையே இல்லாத வேகம்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பதிவுக் கடையில் இதைக் கேட்டபோது, “பாட்டே கிடையாதே, பரவாயில்லையா?” என்று கடைக்காரர் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். அப்போது நான் தினமும் மின்ரயிலில் போய்வந்தேன். சானடோரியம் தாண்டியதும் சில நாள் எழும்பூர் எக்ஸ்பிரஸ் பக்கத்துத் தண்டவாளத்தில் சேர்ந்துகொள்ளும். முந்தும், பிந்தும், ஒரு கணம் இரண்டு ஜன்னல்களும் நேருக்கு நேர் நிற்கும், குரோம்பேட்டையில் நாங்கள் நின்றுவிட, அது போய்விடும். தனித்தனி மெட்டுகள் சேர்ந்து ஓடுவதைக் குறிக்கும் கவுண்டர்பாயிண்ட் என்ற சொல்லைப் பிற்பாடுதான் படித்தேன். பொருள் அந்த ரயில் வாசலிலேயே தெரிந்துவிட்டது.

இன்று எல்லாவற்றையும் செல்போனின் பொட்டு ஸ்பீக்கரில் கேட்கிறோம். அதுவும் பாதியில் அடுத்ததற்குத் தாவிவிடுகிறோம். கனத்த தந்திகள் அந்த ஸ்பீக்கரில் ஏறுவதே இல்லை. பாக் மட்டும் மிஞ்சுகிறார், வீடு காணாமல் போகிறது. அப்படிக் கேட்டுவிட்டுத்தான் ராஜா என்ன செய்தார் என்கிறார்கள்.

நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒருமுறை பாக்கை அவர் போக்கில் விட்டுவிட்டு, மற்ற தந்திகளின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். அந்த வீட்டில் எத்தனை அறைகள் என்று அப்போது தெரியும்.