குளிரும் கெடுக்கும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. இத்தகைய வேளைகளில் தடுப்பு மருந்தைப் பற்றி நமக்கு எழும் கவலை ஒன்றுதான்: சூடேறிக் கெட்டுவிடுமோ? நியாயமான கவலையே, ஆனால் பாதிக் கவலை.

சூட்டைச் சமாளிக்க ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ள ஐ.எல்.ஆர். என்னும் பெட்டியின் சுவர்களுக்குள் பனிக்கட்டி உறைந்திருக்கும். மேற்புறமாகத் திறப்பதால் கனமான குளிர்காற்று வெளியே வழிந்துவிடாது. வெளியே 43 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருந்தாலும், மின்சாரம் நின்றபின் குறைந்தது 20 மணி நேரம் இப்பெட்டி தாங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். குப்பியில் ஒட்டியுள்ள வி.வி.எம். அடையாளமும் சூட்டைக் காட்டிக்கொடுக்கும். வட்டத்தின் நடுவிலுள்ள வெளிர்ச்சதுரம் கருத்து, வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அம்மருந்து ஆகாது.

என் குறை இந்த அடையாளத்தின் மீதுதான். உறைந்து கெட்ட மருந்தின் குப்பியிலும் அச்சதுரம் வெளிறியே இருக்கும்! இரண ஜன்னி, ஹெபடைடிஸ்-பி, பென்டாவேலன்ட் ஊசிகளில் மருந்துப்பொருள் அலுமினிய உப்பின் நுண்துகள்களில் ஒட்டியிருக்கிறது. உறைந்தால் துகள்கள் திரண்டுவிடும். உருகியபின் மீண்டும் பிரிவதில்லை. வீரியம் குன்றிய அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட குழந்தை, பாதுகாப்புப் பெற்றதாகவே கணக்கில் சேரும். உறைவைக் காட்டும் மின்னணுக் கருவிகள் இல்லாமலில்லை. அவை பெட்டிக்கு ஒன்றாக வைக்கப்படுபவை, குப்பிக்கு ஒன்றல்ல. எனவேதான் இவ்வூசிகளை ஐ.எல்.ஆர். பெட்டியின் அடித்தளத்தில் வைக்காமல் கூடையில் வைக்கச் சொல்கிறார்கள். போலியோ சொட்டு மருந்துக்கு இந்த அச்சமில்லை.

கிராமத்துக்கு மருந்து கொண்டுபோகும் பெட்டியிலும் ஆபத்து உண்டு. "உறைபெட்டியில் இருந்த பனிக்கட்டியின் வெப்பநிலை என்ன?" என்று வகுப்பில் கேட்டால், பெரும்பாலோர் "சுழி டிகிரி" என்கிறார்கள். உருகும் பனிக்கட்டியைப் பற்றி மட்டுமே பேசிப் பழக்கிய எங்களைப் போன்ற ஆசிரியர்களின் தவறு அது. உண்மையில் அது சுழிக்குக் கீழே 20 டிகிரி வரை இருக்கலாம். ஆகவே பனிப்பொதியை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே நீர் சலசலக்கும் வரை காத்திருந்தே பெட்டியில் அடுக்க வேண்டும்.

"சித்திரை வெயிலில் இப்படிக் குளிரை வீணாக்கலாமா?" என்று கேட்கலாம். கணக்குப் போடுவோம். 400 கிராம் பனிக்கட்டி சுழிக்குக் கீழ் 20 டிகிரியிலிருந்து சுழிக்கு வர ஏற்பது 4,000 கலோரி. பிறகு முழுவதும் உருக ஏற்பது 32,000 கலோரி. காத்திருப்பதால் நாம் இழப்பது ஒன்பதில் ஒரு பங்கும், சலசலக்கும் அந்தச் சிறிது நீரும்தான்.