ஐந்து உயிரும் அணிவகுக்கும் சொற்கள்

ஆங்கிலத்தில் ‘ஃபஸீஷியஸ்’ என்றொரு சொல் உண்டு. எதையும் வேடிக்கையாக்கிப் பேசும் குணத்தைக் குறிப்பது. காதால் கேட்டால் அதில் ஒரு விசேஷமும் தெரியாது. ஆங்கில எழுத்தில் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து உயிரெழுத்துகளும், அரிச்சுவடியில் நிற்கும் அதே வரிசையில், ஆளுக்கு ஒரே ஒரு தடவை, ஒன்பது எழுத்துக்குள் வந்து நிற்கின்றன. கடைசியில் ‘லி’ விகுதியைச் சேர்த்தால், அரை உயிராகக் கருதப்படும் ஒய்யும் தன் முறைப்படி இறுதியில் வந்து சேர்கிறது.

இதற்கு இணையாகப் புழக்கத்தில் இருக்கும் இன்னொரு சொல் ‘அப்ஸ்டீமியஸ்’. உணவிலும் குடியிலும் அளவோடு இருப்பவரைச் சொல்வது. வேதியியலுக்குள் போனால் ‘ஆர்சீனியஸ்’ கிடைக்கும். அகராதியின் மூலைமுடுக்குகளைத் துழாவினால் இன்னும் சில அகப்படும். ஆனால் வாழும் சொற்களாக மனத்தில் நிற்பவை முதல் இரண்டும்தான்.

ஏன் இத்தனை அரிது? இந்தக் கேள்வியிலிருந்துதான் உண்மையான ரசனை தொடங்குகிறது. ‘இயஸ்’ என்று ஒலிக்கும் விகுதியில் ஐ, ஓ, யூ மூன்றும் வரிசையாகவே இருக்கின்றன. லத்தீனில் பிறந்து, 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்த விகுதி அது. ஆகவே ஐந்தில் மூன்று சும்மாவே கிடைத்துவிடுகின்றன. மிச்சம் இரண்டு மட்டும் முன்னால் வந்தால் போதும். ஆனால் ஏ முதலிலும் ஈ அடுத்தும் வர வேண்டும். ‘கிரிகேரியஸ்’, ‘டெனேஷியஸ்’, ‘நெஃபேரியஸ்’, ‘வெக்ஸேஷியஸ்’ நான்கிலும் ஐந்து உயிர்கள் உண்டு. நான்கிலும் ஈ முந்திக்கொண்டு ஏ பிந்திவிடுகிறது. நூலிழையில் தவறும் இந்தச் சொற்களைப் பார்த்த பிறகுதான் ‘ஃபஸீஷியஸ்’ எவ்வளவு பெரிய பேறு என்பது புரியும்.

இன்னொரு லத்தீன் விகுதி தனிக் குடும்பமே வளர்த்திருக்கிறது. ‘எஜுகேஷன்’, ‘ரெகுலேஷன்’, ‘ரெபுடேஷன்’, ‘ஈக்வேஷன்’ ஆகியவற்றை எழுதிப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஈ, யூ, ஏ, ஐ, ஓ என்ற ஒரே வரிசை. ஜேன் ஆஸ்டின் எழுதி முடித்த கடைசி நாவலின் தலைப்பான ‘பர்சுவேஷன்’ கூட இதே அணிவகுப்புதான். தினமும் வாயில் புழங்கும் சொற்களுக்குள் இப்படியோர் ஒழுங்கு இருப்பதைக் கண்டுகொள்ளும் கணம் பேரானந்தம்.

வரிசை தலைகீழாக வருவது அதைவிட அருமை. நம்முடைய துணைக்கண்டத்தைச் சார்ந்த எதையும் ஆங்கிலத்தில் ‘சப்கான்டினென்டல்’ என்கிறார்கள். யூ, ஓ, ஐ, ஈ, ஏ: பிசிறில்லாத பின்னோட்டம். ‘அன்காம்ப்ளிமென்டரி’யும் அப்படியே.

இந்தக் கலை காதுக்கானது அல்ல, கண்ணுக்கானது. அது சாத்தியமானதற்கும் காரணம் இருக்கிறது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய பிறகு, ஆங்கிலத்தின் ஸ்பெல்லிங் மெல்ல மெல்ல இறுகியது. உச்சரிப்போ மாறிக்கொண்டே போனது. வாய் மறந்த லத்தீனும் பிரெஞ்சும் எழுத்தில் மட்டும் தங்கிவிட்டன. ஸ்பெல்லிங்கை மாற்றினால் அழகும் போய்விடும். பிரிட்டிஷ் முறையில் எழுதிய ‘ஃபேவரிட்’, ‘பிஹேவியர்’ இரண்டிலும் ஐந்து உயிர்கள் உண்டு. நோவா வெப்ஸ்டரின் 1828ஆம் ஆண்டு அகராதி நிலைநிறுத்திய அமெரிக்க முறையில் யூ கழன்றுவிட, இரண்டும் நான்கு உயிரோடு நிற்கின்றன.

ஐந்தையும் கொண்ட சொற்கள் ஒரு துருவம் என்றால், ஒன்றையே பிடித்துக்கொண்டு நீளும் சொற்கள் மறு துருவம். ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ என்பதில் ஒன்பது எழுத்து. உயிர் ஒரே ஒரு ஈ. பழைய ஆங்கிலத்தில் ‘த்’ ஒலிக்குத் தனி எழுத்து இருந்தது. அது வழக்கொழிந்து, டியும் எச்சும் இணைந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டதால்தான் மெய்கள் இப்படி நெருக்கியடித்து நிற்கின்றன. இந்தச் சொல்லின் கடைசி எஸ்ஸை நீக்கிவிட்டு ‘லெஸ்’, ‘நெஸ்’ என்ற இரண்டு விகுதிகளைக் கூட்டினால் பதினாறு எழுத்துச் சொல் ஒன்று உருவாகும். அதிலும் ஈயைத் தவிர வேறு உயிர் கிடையாது. அந்த விகுதிகள் இரண்டும் ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து, லத்தீன் கலக்காதவை. ஐயை மட்டும் ஆறு முறை அடுக்கி, ஒய்யில் முடியும் ‘இன்டிவிசிபிலிட்டி’யோ லத்தீன் வழி வந்தது. எழுத்துகளின் நடையைப் பார்த்தே சொல்லின் பூர்வீகத்தை ஊகிக்க முடிகிறது.

ஏயை மட்டும் கொண்ட சொற்களில் நமக்கு நெருக்கமானது ஒன்று உண்டு: ‘கட்டமரான்’. மெய்யும் ஏயும் மாறிமாறி வரும் ஒன்பது எழுத்து, நான்கு ஏ. நம் கடற்கரையின் கட்டுமரம்தான் அது. தமிழில் இருந்த உகரம் ஆங்கிலேயரின் கையெழுத்தில் ஏயாக மாறியிராவிட்டால் இந்த வரிசைக்குள் அது நுழைந்தே இருக்காது. மீன் முட்டையில் செய்யும் கிரேக்க உணவான ‘தாரமசலாட்டா’வும் அதே தாளத்தில் ஆறு ஏக்களைக் கோத்துக்கொண்டு பன்னிரண்டு எழுத்துக்கு நீள்கிறது.

இந்த ரசனைக்கு ஒரு துறையின் மதிப்பைத் தேடித்தந்தவர் டிமிட்ரி போர்க்மன். பெர்லினில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த அவர், 1965இல் ‘லேங்வேஜ் ஆன் வெகேஷன்’ என்ற நூலை வெளியிட்டார். 1968இல் ‘வேர்ட் வேஸ்’ என்ற காலாண்டிதழ் அவரை ஆசிரியராகக் கொண்டு தொடங்கியது. 1970இலிருந்து 2006 வரை அதை நடத்தியவர் ராஸ் எக்லர். பெல் ஆய்வுக்கூடத்தில் புள்ளியியலாளர். அந்தத் தலைமுறை அகராதியைப் பக்கம் பக்கமாக, விரல் வைத்து வாசித்துத் தேடியது. இன்று அகராதிச் சொற்பட்டியலைக் கணினியில் ஏற்றிவிட்டு ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் நொடியில் எல்லாம் வந்து விழும். ஆனாலும் தேர்வு மனிதருடையதுதான். எவரும் சொல்லாத பூஞ்சைப் பெயரையும் ‘ஃபஸீஷியஸை’யும் கணினி ஒரே பட்டியலில் வைக்கும். எது உயிருள்ள சொல், எது வெறும் சரக்கு என்று பிரிப்பதற்கு வாசித்துப் பழகிய மனம் வேண்டும்.

இந்த விளையாட்டு இலக்கியமாகவும் மலர்ந்திருக்கிறது. கனடாவின் கிறிஸ்டியன் போக் ஏழாண்டு உழைத்து 2001இல் ‘யூனோயா’ என்ற நூலைக் கொண்டுவந்தார். ஐந்து அத்தியாயங்கள், ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஒரே ஓர் உயிரெழுத்து. கிரேக்க வேருள்ள அந்தத் தலைப்பிலோ ஆறே எழுத்துக்குள் ஐந்து உயிரும் இருக்கின்றன. 2002இல் அதற்குக் கிரிஃபின் கவிதைப் பரிசு கிடைத்தது.

வீட்டிலேயே தேடத் தொடங்கலாம். காய்கறிக்கடையில் காலிஃபிளவர், மருத்துவமனையில் நிமோனியா, கச்சேரியில் டம்பரின், உலகப்படத்தில் மொசாம்பிக் என்று எல்லாவற்றிலும் ஐந்து உயிர்கள் ஒவ்வொரு முறை வருகின்றன. ஒவ்வொன்றின் பிறப்பையும் அகராதியில் பார்த்துவிடுங்கள், சுவை இரட்டிப்பாகும்.

எல்லாவற்றிலும் என் மனத்தைக் கொள்ளைகொண்டது ‘அன்காப்பிரைட்டபிள்’. பதிப்புரிமைக்குள் அடக்க முடியாதது என்று பொருள். பதினைந்து எழுத்து, ஒன்றுகூட இரண்டாம் முறை வருவதில்லை. அதற்குள் ஐந்து உயிர்களும் ஒய்யும் உண்டு. ஸ்கிராபிள் பலகையின் ஒரு வரிசைக்குப் பதினைந்து கட்டங்கள். அதை விளிம்பு முதல் விளிம்பு வரை நிரப்பும் நீளம். பிரித்துப் பார்த்தால் ‘அன்’னும் ‘ரைட்’டும் பழைய ஆங்கிலத்தின் சொத்து, ‘காப்பி’யும் ‘ஏபிள்’ளும் பிரெஞ்சு வழியே வந்த லத்தீன். இரண்டு மரபும் மாறிமாறிக் கைகோத்து நிற்கின்றன. ஆங்கிலம் என்ற மொழி உருவான கதையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் வேறொரு சொல்லை நான் கண்டதில்லை.