காலம் காட்டாத மலர்ப் படங்கள்

பூ என்பது ஒரு வடிவமா, ஒரு நிகழ்ச்சியா? செடிகளை மிக அருகிலிருந்து எடுத்த நிழற்படங்களுக்காகப் பெரும்புகழ் பெற்ற ஒரு நூலைப் புரட்டும்போது இக்கேள்வி எழுகிறது. ஜெர்மானியரான கார்ல் பிளாஸ்ஃபெல்ட் 1928 இல் வெளியிட்ட ‘கலையின் மூல வடிவங்கள்’ என்பதே அந்நூல்.

இளமையில் இரும்பு வார்ப்பாலையில் தொழில் பயின்ற பிளாஸ்ஃபெல்ட் (1865–1932), பின்னர் பெர்லினில் கைவினைக் கலை மாணவர்களுக்கு ஆசிரியரானார். பாடத்திற்குத் துணையாகவே செடிகளைப் படமெடுத்தார். நூலில் 120 படப் பக்கங்கள் உள்ளன. சுருண்ட பெரணித் துளிர் செங்கோல் போலவும், பூசணியின் பற்றுக்கம்பி கொல்லன் வளைத்த இரும்பு போலவும் தோன்றுகின்றன. சில உறுப்புகள் 30 மடங்கு வரை பெரிதாக்கப்பட்டுள்ளன.

இது எளிய செயலன்று. லென்சைப் பொருளுக்கு அருகே கொண்டு செல்லச் செல்ல, தெளிவாகப் பதியும் ஆழம் குறைகிறது. மகரந்தப்பை கூர்மையாகத் தெரிந்தால் இதழின் விளிம்பு மங்கிவிடும். லென்சின் துளையைச் சுருக்கினால் இந்த ஆழம் கூடும்; ஒளியோ குறையும். ஆகவே நெடுநேரம் ஒளிபட விடவேண்டும். அதுவரை செடி அசையக்கூடாது. பறித்து வந்த செடியை வெற்றுப் பின்னணியில் நிறுத்தும் பிளாஸ்ஃபெல்ட்டின் முறை இதற்கு ஏற்றதே.

ஆனால் குறையும் அங்கேயே தொடங்குகிறது. படங்களுக்குச் செடியின் பெயரும் உருப்பெருக்கமும் தரப்பட்டுள்ளன, பருவம் தரப்படவில்லை. மொட்டு விரிவது, மகரந்தம் உதிர்வது, சூலகம் பருத்துக் காயாவது ஆகிய தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. மேலும், வடிவம் எடுப்பாகத் தெரிவதற்காக அவர் இலைகளையும் இதழ்களையும் நீக்குவதுண்டு. அப்படியானால் நாம் வியக்கும் ஒழுங்கில் இயற்கையின் பங்கு எவ்வளவு, கத்தரிக்கோலின் பங்கு எவ்வளவு?

இங்கிலாந்தின் பெர்சி ஸ்மித் 1910 இல் உருவாக்கிய ‘ஒரு மலரின் பிறப்பு’ என்னும் குறும்படம் வேறு வழியில் சென்றது. இடைவெளி விட்டு எடுத்த படங்களை இணைத்து, தோட்டப் பூக்கள் மெல்ல மெல்ல மலர்வதைச் சில விநாடிகளில் காட்டியது. இதுவும் குறையற்றதன்று, பூவுக்கு இல்லாத வேகத்தைக் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. எனினும், மலர்தல் ஒரு நிகழ்ச்சி என்பதை அது உணர்த்துகிறது.

பிளாஸ்ஃபெல்ட்டின் நூலை வடிவப் பாடமாகப் போற்றலாம். தாவரவியல் சான்றாகக் கொள்ளுமுன் தயங்கவேண்டும். காமிரா ஏந்தும் மாணவர் ஒரே செடியை மொட்டு முதல் விதை வரை தொடர்ந்து எடுத்து, ஒவ்வொரு படத்திலும் தேதியையும் அளவையும் குறித்து வைக்கட்டும். அந்நூல் விட்டுச் சென்ற பகுதி அதுதான்.